போட்டோ அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்ததா?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் நான் கம்ப்யூட்டர் படித்தவன் என்பதல்ல. படித்தது பி.காம்., பார்த்தது வங்கி கிளார்க் வேலை. ஆனால் செயலாளர் மழை போட்டோக்களை அனுப்பச் சொன்னதிலிருந்து, "சார், மெயில் போகமாட்டேங்குது" என்று வீட்டுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்றுதான்.

2024 டிசம்பர் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் மழை. பக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. எங்கள் தெரு மளிகைக்கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கடன் வாங்கிய கடை என்பதால் சரக்குக்கு இன்சூரன்ஸ் உண்டு. கடைக்காரர் 48 போட்டோ எடுத்தார், மெயிலில் அனுப்பினார், நனைந்த மூட்டைகளை நாற்றம் தாங்காமல் அப்புறப்படுத்திவிட்டார். ஒன்பது நாள் கழித்து இன்சூரன்ஸில் கேட்கிறார்கள், "படம் எதுவும் வரவில்லையே" என்று. மூட்டையும் இல்லை, படமும் போகவில்லை. "அண்ணே, நான் அனுப்பிட்டேன்னே" என்கிறார் என்னிடம். பாவம், அவர் அனுப்பியது உண்மைதான்.

அவருடைய மெயிலைத் திறந்து பார்த்தேன். ஆறு ஆறு படமாகப் பிரித்து எட்டு மெயில் போட்டிருந்தார். எட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு பதில் வந்து, படிக்காமல் கிடந்தது. வங்கியில் செக் திரும்பினால் கூடவே ரிட்டர்ன் மெமோ வைப்போமே, அதுதான் அது. "டெலிவரி" என்ற வார்த்தையோடு வந்தால் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளாதீர்கள். காரணம் உள்ளே எழுதியிருக்கும்.

காரணம் எடைதான். இன்றைய செல்போனில் ஒரு போட்டோ 3 முதல் 5 எம்.பி. வரும். ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம். அது நம் பக்கத்து வரம்பு. வாங்குகிறவர் பெட்டிக்குத் தனி வரம்பு உண்டு, குறைவாகவும் இருக்கலாம். இன்னொன்று, மெயில் என்பது எழுத்துக்காக உண்டான ஏற்பாடு. படத்தை இணைத்து அனுப்பும் முறையே 1992-ல்தான் வந்தது. அதில் படத்தை எழுத்துகளாக மாற்றிக் கட்டி அனுப்புகிறார்கள். மூன்று பங்கு நான்கு பங்காகிவிடும். புளி மூட்டையைச் சாக்கோடு நிறுத்துப் பார்ப்பது மாதிரி. ஆனால் இந்தச் சாக்கு கொஞ்சம் கனமான சாக்கு! 18 எம்.பி. போட்டால் வழியில் 24 ஆகிறது.

ஜிப் செய்தால் சுருங்குமே என்று ஒரு தம்பி கேட்டார். எழுத்துக் கோப்பு சுருங்கும். செல்போன் படம் ஏற்கெனவே அமுக்கி வைத்தது, மேலும் சுருங்காது. 48 படம் ஒரே கட்டாகும், அவ்வளவுதான் லாபம்.

வாட்ஸ்அப்? பேரன் பிறந்தநாளுக்குத் தாராளமாக. சாட்சிக்கு ஆகாது. கடைக்காரர் மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தில் பில் நம்பரைப் படிக்கவே முடியவில்லை. படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நாள், நேரமும் போய்விடுகிறது. போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அசல் அப்படியே போகும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 48 படத்தில் ஒரே மூட்டையை ஐந்து தடவை எடுத்திருந்தார். கழித்ததில் 14 மிஞ்சியது. கம்ப்யூட்டரில் பெயிண்ட்டில் திறந்து, 'ரீசைஸ்' கொடுத்து அகலத்தை 1600 பிக்சல் ஆக்கினோம். ஒவ்வொன்றும் அரை எம்.பி.க்குள் வந்தது, பில் நம்பரும் தெரிந்தது. இரண்டு மெயில். தலைப்பில் பாலிசி எண், பக்கத்தில் 1/2, 2/2.

அசல் 48-ஐயும் கூகுள் டிரைவில் ஏற்றி, லிங்கை மெயிலில் வைத்தோம். (25-ஐத் தாண்டினால் ஜிமெயிலே அப்படித்தான் மாற்றிவிடும்.) இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லிங்க் போகும், ஆனால் திறக்க அனுமதி இருக்காது. 'ஷேர்' என்ற இடத்தில் பெறுகிறவர் முகவரியைப் போட்டு, 'வியூயர்' என்று வையுங்கள். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்றும் வைக்கலாம். ஆதார், பாஸ்புக் படங்களுக்கு அதைச் செய்யவே கூடாது. வேலை முடியும்வரை டிரைவிலிருந்து அழிக்காதீர்கள், அழித்தால் அவர்களுக்கும் போய்விடும். இலவச இடம் 15 ஜி.பி.தான், அதில் மெயிலும் அடக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை போன் செய்து, "14 படமும் திறக்கிறதா?" என்று எண்ணிக்கையோடு கேட்டோம். 12-தான் வந்தது என்றார்கள். விட்டுப்போன இரண்டை மறுபடி அனுப்பினோம். கிளெய்ம் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் வெட்டுப்பட்டு வந்தது. வந்தவரை சரி என்றார் கடைக்காரர்.

மழைநீர் வடிகாலுக்காக நாம் கொடுக்கப்போகும் மனுவுக்கும் அந்த வார அசல் படங்கள்தான் வேண்டும். செல்போனில் இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள். தெருப் பெயர் போட்டு அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் செயலாளர் எண்ணிக்கையைப் பதில் மெயிலில் சொல்வார். பதில் வரவில்லை என்றால், போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.