இயற்கை வேளாண்மை மானியமும் நம் நிலமும்



இயற்கை வேளாண்மை என்று அரசும் அறிஞரும் இன்று போற்றும் தொழில் நமக்குப் புதியதன்று. தொழுவுரத்தைக் கூடையில் சுமந்து வயலில் இறைத்தவரும், எருக்கும் ஆவாரையும் அறுத்துச் சேற்றில் மிதித்தவரும், குனிந்து களை பறித்தவரும் நம் முன்னோரே. நிலம் மட்டும் பிறருடையதாக இருந்தது. ஆகவே, இத்தொழிலுக்கு அரசு மானியம் தருகிறது என்று கேட்டவுடன் நாம் வினவ வேண்டுவது, அப்பணம் யாருடைய கணக்கில் சேருகிறது என்பதே.

நடுவண் அரசு 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா என்னும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உழவர்கள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து, மூன்றாண்டுகள் இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றிப் பயிரிட வேண்டும். ஹெக்டேருக்கு மூன்றாண்டுகளுக்கு 31,500 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. இடுபொருள்களுக்கென உழவரின் வங்கிக் கணக்கில் நேரே சேர்வது அதில் 15,000 ரூபாய். எஞ்சியது பயிற்சி, சான்றிதழ், விற்பனை ஏற்பாடு முதலியவற்றிற்கு. கணக்கிட்டால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய்தான் வருகிறது. களையெடுக்கும் கூலிக்கே இது காணாது என்பதை இங்குள்ள தாய்மார்கள் என்னினும் நன்கு அறிவார்கள். ஆயினும், வீட்டிலேயே மாடும் உழைக்கும் கைகளும் உள்ள சிறு குடும்பத்திற்கு இது பயன்படாத தொகையன்று. சான்றிதழ் கைக்கு வந்தபின் விளைபொருளுக்கு நல்ல விலை கேட்கும் வாய்ப்பும் உண்டு.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் நிலப்பரப்பு நூற்றுக்கு ஒன்பது பங்கும் இல்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையிலோ நாம் நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல். உள்ள சிறு நிலத்திற்கும் பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே கிடக்கிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரிடம் துண்டுக் காகிதமும் இல்லை. மானியப் படிவமோ பட்டாவையும் அடங்கலையும் கேட்கிறது. வியர்வை ஒருவருடையது, வங்கிக் கணக்கு இன்னொருவருடையது!

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீரின் அறிக்கையை அடுத்து, 1892-ஆம் ஆண்டில் நமக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்ததை நீங்கள் அறிவீர்கள். பஞ்சமி நிலம் எனப்பட்ட அந்நிலத்தைப் பிற சாதியினருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. மானியத்தைப் பற்றிப் பேசுகையில் இதை ஏன் இழுக்கிறார் என்று சிலர் எண்ணலாம். நிலமின்றி மானியம் ஏது? படித்த இளைஞர்கள் தத்தம் ஊரின் 'அ' பதிவேட்டைப் பார்வையிட்டு, எந்தச் சர்வே எண் யார் பெயரில் உள்ளதென்று எழுதிக்கொண்டு வர வேண்டும். பாட்டனார் பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற மனு எழுதிக் கொடுக்க வேண்டும். குத்தகை உழவரின் பெயரைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. பலர் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மற்றொன்று. இத்திட்டத்தின் சான்றிதழ் முறையில் குழுவினர் ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூற வேண்டும். ஐந்து பேர் இருந்தால் குழு அமையும். ஊர்த் தெருக்காரர் நம் வயலில் இறங்கி நம்முடன் சமமாக அமர்ந்து கையெழுத்திடுவாரெனில் மகிழ்ச்சியே. அவ்வாறு சேர்ந்த குழு நீடிக்கட்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த வயல்களையுடைய நம்மவர் ஐவர் முதலில் சேரலாம். கணக்குப் புத்தகம் நம் பெண்களிடம் இருப்பது நன்று.

தொடங்குபவர் முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டாம். முதலாண்டில் விளைச்சல் குறையக்கூடும். சான்றிதழ் வரும்வரை விலையும் சாதாரண விலையே. அரை ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருவாயில், ஏறக்குறைய 45-ஆம் நாளில், மடக்கி உழுது பாருங்கள். பசுந்தாள் உர விதை மானியத்தில் கிடைக்கிறதா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதைப்புக்கு முன்பே கேட்டறியுங்கள். விதைப் பருவம் தொடங்கியபின் போனால் இருப்பு இல்லை என்பார்கள்.