நொய்யலுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

(ஆடிப் பெருக்கு அன்று மாலை நம் சங்கக் கூடத்தில் பேசியது. செய்திமடலுக்காகச் சற்றுச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.)



இன்று காலை பேரூர் படித்துறையில் நம் குடியிருப்பில் பலரைப் பார்த்தேன். பூ, மஞ்சள், குங்குமம் வைத்து ஆற்றைக் கும்பிட்டோம். திரும்பி வந்து குளித்தோம், துணி துவைத்தோம். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் விஞ்ஞானி அல்ல. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது வரவு செலவு. அந்தக் கண்ணோடுதான் ஆற்றையும் பார்க்கிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. மலை ஓடைகள் ஒன்றுசேர்ந்து கீழே வரும்போது தெளிந்த தண்ணீர். நம் முன்னோர் அணைக்கட்டு கட்டி, வாய்க்கால் வெட்டி அதைக் குளங்களில் நிரப்பினார்கள். ஒரு குளம் நிறைந்தால் மிச்சம் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போகும். கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. மலை கொடுத்த வரவில் வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சேர்க்கிறோம். கணக்குதான் யாரும் எழுதுவதில்லை.

எழுதாத கணக்கு ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஆனால் திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கியது. சாயம் ஏற்ற உப்பு நிறையத் தேவை. அந்த உப்பு காய்ச்சினாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது. பாசனத்துக்கு அணை கேட்ட விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது.

அவர்கள் தனித்தனியாகப் புலம்பவில்லை. ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2006-இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் வேலை இழந்து கஷ்டப்பட்ட தொழிலாளர் குடும்பங்களையும் நாம் மறக்கக் கூடாது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்பது நிபந்தனை. சின்னப் பட்டறைக்காரர் தனியாக அவ்வளவு பெரிய இயந்திரம் வாங்க முடியாது. பலர் பணம் போட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் கை கொடுத்தன. தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

இதைக் கேட்டதும், "தப்பு சாயப்பட்டறையில், நமக்கென்ன?" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் பொருளாளராக இருந்தபோது மின் கட்டணத்தைக் குறைத்தேன் என்று பொதுக்குழுவில் கை தட்டினீர்கள். எப்படிக் குறைத்தேன் தெரியுமா? நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் ப்ளோயரை இரவில் எட்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். ஆபரேட்டர் தம்பி, "வேண்டாங்க சார், தண்ணி கருத்துப் போயிரும்" என்றார். நான் கேட்கவில்லை. கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவற்றுக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். காற்றை நிறுத்தினால் அவை சாகும், நாற்றம் வரும். பின்பக்கச் சாக்கடையில் நுரையும் நாற்றமும் வந்தது அதனால்தான். அந்தச் சாக்கடை வாய்க்காலுக்கும், வாய்க்கால் குளத்துக்கும், குளம் நொய்யலுக்கும் போகிறது.

மாதம் சுமார் ஏழாயிரம் ரூபாய் மிச்சம். 96 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 75 ரூபாய்கூட வராது. அந்தச் செலவை நான் ஒழிக்கவில்லை, கீழே இருப்பவர் கணக்கில் ஏற்றிவிட்டேன். அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என்ன செய்யலாம்? மூன்று யோசனைகள்.

ஒன்று, ப்ளோயர் ஓடிய நேரம், கசடு எடுத்த நாள், அதை எடுத்துப் போன லாரி எங்கே கொட்டியது என்ற விவரம், இவற்றைத் தினமும் நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டு, நம் வாய்க்காலை ஒட்டி இருக்கும் மற்றக் குடியிருப்புகளோடு சேர்ந்து, ஒரே நாளில், ஒரே நேரத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். நமக்கு மேலே ஓரிடம், நமக்குக் கீழே ஓரிடம், குளத்து வாயில் ஓரிடம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், சாக்கடையைக் காட்டாது. அதனால் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும், பிஓடி அளவையும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். கட்டணத்தை எல்லாச் சங்கங்களும் பங்கு போட்டால் சுமை தெரியாது. ஒருவர் மட்டும் சோதித்தால் அடுத்தவர் மேல் பழி போடத்தான் உதவும். எல்லோரும் சேர்ந்து சோதித்தால்தான் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரியும்.

மூன்று, வீட்டில். சமையல் எண்ணெய், காலாவதியான மாத்திரை, பெயின்ட் மூன்றும் சிங்க்கில் போகக் கூடாது.

வங்கியில் மாலையில் கணக்கு டேலி ஆகாவிட்டால், பத்து ரூபாய் வித்தியாசம் என்றாலும், எல்லோரும் உட்கார்ந்து தேடுவோம். யார் கவுண்டரில் தப்பு என்று பார்த்துத் திருத்திவிட்டுத்தான் கிளம்புவோம். யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை. ஆற்றுக்கும் அப்படி உட்கார வேண்டும்.

ப்ளோயரை 24 மணி நேரமும் ஓட்டுவதற்கான தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள்.