பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தெருவில் இருக்கிறது?



இதுபோன்ற பட்டமளிப்பு மேடையில் நாட்டைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் பேசுவார்கள். நான் வார்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, தில்லியில் மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ இருந்துவிட்டீர்கள். உங்கள் அறை இருக்கும் வார்டின் கவுன்சிலர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை. மனத்துக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

2022 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. தில்லி மாநகராட்சியின் 250 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 45 லட்சம் பேர். வந்தவர்கள் பாதிப் பேர்; 50 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். நகரத்தின் வடக்கு ஓரத்தில், வயலும் கிராமமுமாக இருக்கும் பக்தாவர்பூர் வார்டில் 65 விழுக்காட்டைத் தாண்டியது. தெற்கு தில்லியில், அரசு அலுவலர் குடியிருப்புகள் நிறைந்த ஆண்ட்ரூஸ் கஞ்சில் மூன்று பேருக்கு ஒருவர்தான் வந்தார். இதே ஊரில் 2020 சட்டமன்றத் தேர்தலில் 62 விழுக்காட்டையும், 2025இல் 60 விழுக்காட்டையும் தாண்டி வாக்களித்தார்கள். ஆகவே வாக்குச்சாவடிக்கு வழி தெரியாத ஊர் அல்ல இது.

நம் சென்னை இதைவிட மோசம். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் 74 விழுக்காட்டுக்கு மேல், நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52. சென்னையில் 43 சொச்சம். ஊர் பெரிதாகப் பெரிதாக, படிப்பும் வசதியும் கூடக் கூட, ஓட்டுக் குறைகிறது. அமெரிக்காவில் படித்தவர்களும் பணக்காரர்களும்தான் அதிகம் வாக்களிக்கிறார்கள். இங்கே தலைகீழ். ஏன் என்று யோசிக்க வேண்டியவர்கள் இன்று பட்டம் வாங்கும் நீங்கள்தான்.

தில்லி மாநகராட்சிச் சட்டம் நிறைவேறியது 1957இல். அதே ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வியை இன்னும் யாரும் முழுதாகத் தீர்க்கவில்லை. ஆயிரக்கணக்கான ஓட்டில் உன் ஓட்டு ஒன்று. அது முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. வரிசையில் நிற்கும் நேரமோ நிச்சயமாகச் செலவாகிறது. பிறகு எதற்குப் போகிறாய்? கணக்கு தெரிந்தவன் வீட்டில்தானே இருக்க வேண்டும்? இதற்குப் பதிலாக 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்ற கதையை மேடைகளில் சொல்வார்கள். உண்மைதான், நடந்தது. ஆனால் அதைக் காட்டி உங்களை வாக்குச்சாவடிக்கு அழைக்க மாட்டேன். கோடியில் ஒன்று நடப்பதை நம்பி யாரும் ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட வேண்டியதில்லை.

டவுன்ஸுக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடமையுணர்வைக் கணக்கில் சேர்த்தார்கள். 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் மூவரும் ஒரு சிறிய தேர்தலுக்கு முன் வீடுகளுக்கு அஞ்சலில் கடிதம் அனுப்பினார்கள். சில வீடுகளுக்குப் போன கடிதத்தில், போன தேர்தல்களில் நீங்கள் வாக்களித்தீர்களா, உங்கள் பக்கத்து வீட்டார் வாக்களித்தார்களா என்று பெயரோடு இருந்தது. கடிதமே போகாத வீடுகளில் 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக வாக்களித்தார்கள். இந்தக் கடிதம் போன வீடுகளில் அது 8 புள்ளிகள் கூடியது. அக்கம்பக்கம் கவனிக்கிறது என்று தெரிந்தால் மனிதர் எழுந்து போகிறார்.

அக்கம்பக்கத்தார் மட்டும் கவனிக்கவில்லை, கட்சிகளும் கவனிக்கின்றன. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். போட்டீர்களா இல்லையா என்பது ரகசியமே இல்லை. வாக்குச்சாவடியில் உங்கள் பெயருக்கு நேரே குறியிடுகிறார்கள். எண்ணிக்கையும் சாவடிவாரியாக வெளிவருகிறது. எந்தச் சந்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது வேட்பாளரின் ஆளுக்கு மறுநாளே தெரியும். உங்கள் ஒரு ஓட்டு மேயரைத் தீர்மானிக்காது. ஆனால் உங்கள் சந்து கணக்கில் வருமா என்பதை அது தீர்மானிக்கிறது. உள்ளாட்சி ஓட்டின் உண்மையான பலன் இது என்றே நான் கருதுகிறேன்.

ஏழைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஜங்புராவில் பாராபுல்லா நாலா ஓரமாக இருந்த மதராஸி கேம்ப் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். சுற்றியுள்ள காலனிகளில் வீட்டுவேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் இருந்த இடம். 2025 ஜூன் 1 அன்று, உயர்நீதிமன்ற உத்தரவின்படி, புல்டோசர்கள் அதை இடித்தன. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள்தான். அதுவும் தில்லியின் வடகோடியில் நரேலாவில். தகுதியை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? தில்லியின் 2015ஆம் ஆண்டுக் குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கையில் ஒரு விதி இருக்கிறது. 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஏதாவது ஒன்றில் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

அம்மாமார்களே, அப்பாமார்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பட்டாவும் வரி ரசீதும் இல்லாதவருக்கு, தான் இந்த ஊரில் இருந்தேன் என்று சொல்லும் சாட்சி அந்தப் பட்டியல். வெயிலில் வரிசையில் நிற்கும் வேலைக்காரப் பெண்மணியைப் பார்த்து, பணம் வாங்கியிருப்பார் என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ‘இந்தியா ஏன் வாக்களிக்கிறது?’ என்ற கேள்வியோடு நாடு முழுக்கக் கள ஆய்வு நடத்தி 2014இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் முகுலிகா பானர்ஜிக்கு மக்கள் சொன்ன காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அந்த ஒரு நாளில் அந்த ஒரு வரிசையில் தாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்ற உணர்வு. மதராஸி கேம்ப் மக்கள் ஓட்டுப் போட்டும் வீட்டை இழந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஓட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை. பட்டியலில் இல்லாதவர்களுக்கு நரேலாவும் கிடைக்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். 2024 ஜூலை 27 மாலை, பழைய ராஜேந்தர் நகரில், மழைநீர் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்துக்குள் புகுந்தது. சாமான் வைக்க அனுமதி பெற்ற அந்தத் தளத்தில் நூலகம் நடந்துகொண்டிருந்தது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். மூவரும் மூன்று மாநிலத்தவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்தத் தெருக்களில்தான் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். அடித்தளத்துக்கு எதற்கு அனுமதி தந்தோம், அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியது மாநகராட்சி. மழைக்கு முன் தெரு வடிகாலைத் தூர்வார வேண்டியதும் பெரும்பாலும் மாநகராட்சி. அந்தப் பேட்டையின் வாடகை, உணவு விடுதி, நகலகம், புத்தகக் கடை எல்லாம் வெளியூர்ப் பிள்ளைகளின் பணத்தில் ஓடுகின்றன. ஆனால் அவர்களில் மிகப் பலருடைய பெயர் அங்கே எந்தச் சாவடியிலும் இல்லை. ஏதோ ஒரு மாவட்டத்தில், எப்போதோ ஒருமுறை போய்வரும் கிராமத்தில் இருக்கிறது. கவுன்சிலரின் கண்ணில் அவர்கள் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு மாணவர்கள் நாள்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பல அடித்தளங்களுக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பேட்டையில் படிக்க வந்தவர்கள் அங்கேயே வாக்காளர்களாகவும் இருந்திருந்தால், அடித்தளங்களைச் சோதிப்பது மழைக்கு முன்பே நடந்திருக்கலாம். நடந்திருக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. சொல்ல முடியாதது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வராதவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது சரியல்ல. தில்லியில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 58,000 வாக்காளர்கள். சென்னையில் 30,000 பேர். பேரூராட்சி வார்டில் கவுன்சிலர் தெருமுனை டீக்கடையில் கிடைப்பார். இங்கே எங்கே கிடைப்பார்? தில்லியில் மேயர் பதவி ஓராண்டு. நிர்வாகம் முழுதும் மத்திய அரசு நியமிக்கும் ஆணையரிடம். புது தில்லி நகராட்சிக் குழுப் பகுதியில், அதாவது கன்னாட் பிளேஸும் அமைச்சர்களின் பங்களாக்களும் உள்ள இடத்தில், உள்ளாட்சித் தேர்தலே கிடையாது. 2022 டிசம்பரில் ஓட்டுப் போட்டவர்கள் என்ன பார்த்தார்கள்? மேயரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கூட்டம் மூன்று முறை அமளியில் கலைந்து, உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகு 2023 பிப்ரவரி 22 அன்றுதான் மேயர் வந்தார். பெரிய ஒப்பந்தங்களை அனுமதிக்க வேண்டிய நிலைக்குழு 2025 ஜூன் வரை அமையவே இல்லை. தமிழ்நாட்டிலோ 2016 அக்டோபரில் நகர்ப்புறக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்து, ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சொல்கிறது. மக்கள் பெரிதாகக் கேட்கவில்லை, ஆட்சியாளர்கள் நடத்தவில்லை. சட்டமன்றத் தேர்தலை இப்படி ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா? கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே உள்ளாட்சித் தேர்தலில் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். காசும் அதிகாரமும் உள்ள இடத்துக்கு ஓட்டும் வருகிறது.

அதிகாரம் இல்லாததால் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். மதுரை மாவட்டத்து மேலவளவை நினையுங்கள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. ஊராட்சித் தலைவர் நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தால் அதற்காக ஆறு உயிரை எடுப்பார்களா? உள்ளாட்சி ஓட்டின் கனம் என்னவென்று, அதைத் தடுத்தவர்களுக்கு நம்மைவிடத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஊரில் தேர்தல் என்றால் வண்டி ஏறிப் போய் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். உங்கள் பஞ்சாயத்துக்கும் நீங்கள் வேண்டும். அங்கேயும் போவதில்லை, இங்கேயும் இல்லை என்று இருப்பவர்களிடம்தான் பேசுகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் ஊரிலோ விடுதி முகவரியிலோ, தான் விரும்பும் ஓரிடத்தில் பதிந்துகொள்ளலாம் என்று தேர்தல் ஆணையமே சொல்கிறது. முதல்முறை என்றால் படிவம் 6. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8. அங்கே நீக்கி இங்கே சேர்ப்பார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளைக் கணக்காக வைத்து ஆண்டுக்கு நான்கு முறை வயதுத் தகுதி பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தர மறுப்பார். இது நம் பிள்ளைகள் எல்லோரும் சொல்லும் தடை. முகவரிக்கு ஆவணமே இல்லாவிட்டாலும் அலுவலர் நேரில் வந்து பார்த்துச் சேர்க்க விதியில் இடமுண்டு. நேரில் வரும்படி எழுதிக் கேளுங்கள். மாநகராட்சித் தேர்தலுக்கான பட்டியலையும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கிறார்கள்; ஒருமுறை பதிந்தால் இரண்டுக்கும் ஆயிற்று. அடுத்த மாநகராட்சித் தேர்தல் 2027ஐ ஒட்டி வர வேண்டும். அதற்குள் அறை மாறினால் மறுபடி படிவம் 8.

தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மே மாதத்திலேயே நாலைந்து பேராகச் சேர்ந்து கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போங்கள். நம் தெரு வடிகாலைத் தூர்வாரிய தேதி எது, நாங்கள் படிக்கும் கட்டடத்தின் அடித்தளத்துக்கு எதற்கு அனுமதி என்று இரண்டே கேள்வி கேளுங்கள். போகும்போது வாக்காளர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.