வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகள்



பெற்றோரிடம் வாழ முடியாத பிள்ளைகளை ஹாலந்து தேசத்தில் வளர்ப்புக் குடும்பங்களிலும் விடுதிகளிலும் ஒப்புவிக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் ஒப்புவித்தால் போதுமா?

1945 முதற்கொண்டு இப்படி ஒப்புவிக்கப்பட்டவர்கள் பட்ட பாட்டை, அந்நாட்டு சர்க்காரே நியமித்த சாம்சன் கமிட்டியும் டெ விண்டர் கமிட்டியும் விசாரித்து, முறையே 2012லும் 2019லும் அறிக்கை தந்தன. பாதுகாப்புக்கென்று அனுப்பிய இடத்திலேயே பலர் கொடுமைக்காளானது வெளிப்பட்டது. 2019இல் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. 18 வயதோடு முடிந்துவந்த வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு, 2018 ஜூலை முதல் 21 வயது வரை என்றாயிற்று.

ஆகவே, நாம் சொல்வது என்னவென்றால், இரக்கம் மாத்திரம் காவலாகாது. தர்மம் செய்தோமென்று திருப்தியடைந்துவிடாமல், அதன் பலனை அந்தப் பிள்ளையையே கேட்டறிவதுதான் பகுத்தறிவாகும்.