பேப்பர் போட்டாதான் போட்டி: ஃபிலடெல்பியாவின் ராஜினாமா விதி

இன்னைக்கு ஒரு நகரத்தோட சட்டத்துல இருக்கிற ஒரே ஒரு விதியைப் பத்திப் பேசப் போறோம்.

உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ரூல் இருக்குன்னு வச்சுக்குங்க. வேற கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகணும்னா, முதல்ல இங்க பேப்பர் போடணும். ஆஃபர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. அங்க கிடைக்கலைன்னா ரெண்டு வேலையும் போச்சு. யார் தைரியமா போவாங்க? இ.எம்.ஐ. இல்லாதவங்க போவாங்க. மத்தவங்க இருக்கிற இடத்துலயே இருந்துடுவோம்.

அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவுல தேர்தல்ல ஜெயிச்சு நகரப் பதவியில இருக்கிறவங்களுக்கு இதுதான் நிலைமை. ஒரு கவுன்சிலர் மேயருக்கு நிக்கணும்னா, வேட்பாளர் ஆகும்போதே கவுன்சிலர் பதவியை விட்டுடணும். இருக்கிற பதவிக்கே மறுபடி நின்னா மட்டும் இந்த விதி கிடையாது.

இது 1951-ல மக்கள் ஓட்டுப் போட்டு ஏத்துக்கிட்ட நகர சாசனத்துல வந்தது. அறுபது வருஷத்துக்கு மேல ஒரே கட்சி, குடியரசுக் கட்சி, நகரத்தைக் கையில வச்சிருந்த காலத்தோட கடைசி அது. பதவியில இருந்துக்கிட்டே அந்தப் பதவியோட பலத்தை அடுத்த தேர்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது, ஊழியர்களைப் பிரசாரத்துக்கு இழுக்கக் கூடாது, சம்பளம் வாங்குற வேலையை ஒழுங்கா பார்க்கணும். இதுதான் நோக்கம். நோக்கத்துல எனக்கு எந்தத் தகராறும் இல்லை.

அந்தச் சாசனத்தைக் கொண்டுவந்த சீர்திருத்த அணியோட பெரிய முகங்கள்ல ஒருத்தர் ரிச்சர்ட்சன் டில்வொர்த். அவர் மேயரா இருந்தப்போ, 1962-ல பென்சில்வேனியா கவர்னருக்கு நிக்கணும்னு முடிவு பண்ணார். விதிப்படி மேயர் பதவியை விட்டார். கவர்னர் தேர்தல்ல தோத்தார். மேயர் நாற்காலி ஜேம்ஸ் டேட் கிட்ட போச்சு, 1972 வரைக்கும் அவர் கிட்டயே இருந்தது.

இப்போ 2022-க்கு வருவோம். அடுத்த வருஷம் மேயர் தேர்தல். 17 பேர் இருக்கிற கவுன்சில்ல ஆகஸ்ட்லேர்ந்து நவம்பருக்குள்ள அஞ்சு பேர் ராஜினாமா பண்ணாங்க: ஆலன் டோம்ப், டெரிக் கிரீன், செரெல் பார்க்கர், மரியா கினோனெஸ் சான்செஸ், ஹெலன் கிம். நகரக் கணக்குகளைப் பார்க்கிற கன்ட்ரோலர் ரெபெக்கா ரைன்ஹார்ட்டும் விலகினார். 2023-ல குடியரசுக் கட்சி சார்பா நிக்க டேவிட் ஓவும் கவுன்சிலை விட்டார். ஏழு பேர் பதவியை விட்டதுல ஒருத்தர்தான் மேயர் ஆனார்: செரெல் பார்க்கர், அந்த நகரத்தோட முதல் பெண் மேயர். கிரீனும் கினோனெஸ் சான்செஸும் ஓட்டுப்பதிவுக்கு முன்னாடியே போட்டியிலேர்ந்து விலகிட்டாங்க. பதவியும் போச்சு, போட்டியும் போச்சு.

இதே போட்டியில இருந்த மத்தவங்களைப் பாருங்க. சூப்பர்மார்க்கெட் முதலாளி ஜெஃப் பிரவுன் எதையும் விட வேண்டியதில்லை. மாநில சட்டமன்ற உறுப்பினர் ஏமன் பிரவுனுக்கும் இல்லை, ஏன்னா நகர சாசனம் மாநிலப் பதவியைக் கட்டுப்படுத்தாது. ராஜினாமா பண்ணவங்களுக்குள்ளயும் வித்தியாசம் உண்டு. டோம்ப் ரியல் எஸ்டேட்ல பெரிய ஆள். கவுன்சிலர் சம்பளம் நின்னா அவருக்கு ஒண்ணும் ஆகாது. அந்தச் சம்பளத்துலயே குடும்பம் நடத்துறவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல வருமானம் கட்.

வேட்பாளர்களை விட எனக்கு முக்கியமா படுறது காலியான நாற்காலி. ஃபிலடெல்பியாவுல ஒரு ஏரியாவுல எந்த நிலத்தை யாருக்கு விக்கணும், என்ன கட்டலாம்ங்கறதுல அந்த ஏரியா கவுன்சிலர் சொல்றதுதான் பெரும்பாலும் நடக்கும். அப்படிப்பட்ட ரெண்டு ஏரியாக்கள், 7-வது, 9-வது டிஸ்ட்ரிக்ட், இடைத்தேர்தல் வரைக்கும் ஆள் இல்லாம இருந்தது. அந்த நவம்பர்ல நாலு இடத்துக்கு இடைத்தேர்தல் நடந்தது. இடைத்தேர்தல்ல பிரைமரி கிடையாது, அதாவது வேட்பாளர் யாருன்னு கட்சியோட வாக்காளர்கள் முடிவு பண்ண மாட்டாங்க. வார்டு பொறுப்பாளர்கள் கூடி முடிவு பண்ணுவாங்க. ஜனநாயகக் கட்சியோட கோட்டையில அந்தக் கட்சி கை காட்டுற ஆள்தான் ஜெயிப்பார். நாலு இடத்துலயும் அதான் நடந்தது. கட்சி இயந்திரத்தை அடக்கணும்னு வந்த விதி, நாலு நாற்காலியைத் தூக்கி அதே இயந்திரத்துக்கிட்ட கொடுத்தது.

சரி, மாத்தலாமே? அங்க சாசனத்தைக் கவுன்சில் தானா மாத்த முடியாது. வாக்குச்சீட்டுல கேள்வியா போட்டு மக்கள் கிட்ட கேட்கணும். மே 2014-ல கேட்டாங்க. மக்கள் வேண்டாம்னுட்டாங்க. அந்த முயற்சியை முன்னெடுத்தவர் யார் தெரியுமா? டேவிட் ஓ. அவரே ஒன்பது வருஷம் கழிச்சு அதே விதிப்படி ராஜினாமா பண்ணார்.

"வேண்டாம்"னு சொன்ன வாக்காளரை முட்டாள்னு சொல்ல நான் தயாரா இல்லை. கேள்வியை அவர் இடத்துலேர்ந்து படிச்சுப் பாருங்க. "அரசியல்வாதிக்கு ஒரு சலுகை தரலாமா?" அப்படித்தான் அவர் காதுல விழும். மக்களைக் கேட்காம மாத்தினா எப்படி இருக்கும்ங்கறதுக்கு புளோரிடா உதாரணம். அங்கயும் இப்படி ஒரு ராஜினாமா விதி உண்டு. 2023-ல ஜனாதிபதிக்கு நிக்கிறவங்களுக்கு இது பொருந்தாதுன்னு மாநிலச் சட்டமன்றமே திருத்தியது. கவர்னர் டிசான்டிஸ் ஜனாதிபதி போட்டியில குதிச்ச அதே மே மாசம், அவரே அதுல கையெழுத்துப் போட்டார். இதைப் பார்த்தா ஃபிலடெல்பியா முறையே மேல்னு தோணுது இல்லையா?

அதனால என் கருத்து: மக்கள் கிட்டதான் கேட்கணும், ஆனா முழுக் கேள்வியையும் கேட்கணும். பதவியில இருந்துக்கிட்டே நிக்கலாம். ஆனா ஒரே தேர்தல்ல ரெண்டு பதவிக்கு நிக்கக் கூடாது. ஆபீஸ் ஊழியரைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினா கடுமையான தண்டனை. காலியாகிற இடத்துக்கு வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கணும். இந்த மூணையும் சேர்த்து வச்சா அது அரசியல்வாதிக்கான சலுகை இல்லை, வாக்காளருக்கான உரிமை. அப்போ 2014-ல "வேண்டாம்"னு சொன்னவங்கள்ல சில பேராவது யோசிப்பாங்கன்னு நான் நம்புறேன்.

இப்படி ஒரு கேள்வி உங்க கைக்கு வந்தா நீங்க என்ன போடுவீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.