தாயின் காப்பியும் சேயின் இதயமும்



ஜொகூர்க்காரர்களுக்குக் காப்பியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. குளுவாங் ரயில் நிலையத்துக் காப்பிக்கடை 1938 முதல் பெயர் பெற்றது. ஆனால், பிள்ளை பெற்ற வீட்டில் அதே காப்பி ஒரு வழக்காகிவிடுகிறது. "நீ குடித்தால் குழந்தைக்கு நெஞ்சு படபடக்கும்" என்பார் ஒருவர். "நாங்கள் குடிக்காததா?" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு.

தாய் உட்கொள்ளும் காஃபினில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே பாலில் சேர்கிறது. குறைவுதான். ஆனால், பெரியவர் உடலில் அது பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கோ மூன்று, நான்கு நாள் ஆகும். அதன் கல்லீரல் இன்னும் முதிரவில்லை. நேற்று வந்தது கழியுமுன் இன்று வருவதும் சேர்ந்துகொள்கிறது. அளவு மீறினால் குழந்தை தூங்காமல் சிணுங்கும். இதயத் துடிப்பும் கூடலாம்.

அப்படியானால் காஃபின் நஞ்சா? இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு நின்று நின்று வரும்போது மருத்துவர்கள் கொடுக்கும் மருந்தே காஃபின்தான். ஆனால், எடைக்கேற்ப அளந்து கொடுத்து, இதயத் துடிப்பையும் கண்காணிக்கிறார்கள். எல்லாம் அளவில்தான் இருக்கிறது.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. சாதாரணக் காப்பியில் அது சுமார் இரண்டு குவளை. தே தாரிக், கோலா, சாக்லெட் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். நம் கடைக் காப்பி கெட்டியாக இருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாலில் காஃபின் உச்சத்தை எட்டும். ஆகவே, பாலூட்டி முடித்த கையோடு குடிப்பது நல்லது.

முதல் சில வாரங்கள்தான் முக்கியம். தனியார் துறையில் 2023 முதல் 98 நாள் பேறுகால விடுப்பு உண்டு. அது முடிந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குத் தாய் திரும்பும்போது, குழந்தையின் உடல் காஃபினை முன்னைவிட வேகமாகக் கழிக்கும். ஆறு மாதத்தில் ஏறக்குறைய பெரியவர்களைப் போலவே கழித்துவிடும்.

தாய்மார்களே, காப்பிக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காப்பியைக் குறைத்தால் போதும். ஆனால், குழந்தை பால் குடிக்கத் திணறினாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, காப்பியின் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். அது பிறவி இதயக் கோளாறாகவும் இருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.