சேசிஸ் ஒன்று, பாடி பல

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி எடுப்பது என்றால் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சேசிஸ் வரும், பிறகு பாடி கட்ட வேண்டும். ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வந்து நிற்கும் சேசிஸில் எஞ்சினும் சக்கரங்களும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களும்தான் பிரதானம். ஒரு காலத்தில் கேபின்கூட இருக்காது. ஒப்புக்கு மாட்டிய இருக்கையில், முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஓட்டி வருவார்கள். அந்தச் சட்டத்தின் மேல் டேங்கர் ஏறலாம், சரக்குப் பெட்டி ஏறலாம். திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக்கே ஏறிவிடும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே மரக்கட்டையோ ரப்பரோ கொடுத்து, யூ போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். சட்டத்தில் கண்ட இடத்தில் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே என்பது பட்டறையில் சேர்ந்த பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம். வண்டியின் ஆயுள் அந்த இணைப்பில் இருக்கிறது.

ராணுவத்தின் சக்கரக் கவச வண்டிகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. இதில் முழுத் துணிச்சலோடு இறங்கியது ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து உருவாக்கிய பாக்ஸர். எட்டுச் சக்கரங்கள். எஞ்சினும் ஓட்டுநரும் உள்ள கீழ்ப்பகுதி தனி, பின்னால் உட்காரும் பெட்டி தனி. வீரர்களை ஏற்றும் பெட்டி, ஆம்புலன்ஸ் பெட்டி, கட்டளை மையப் பெட்டி என்று வேலைக்கு ஒன்று. கிரேன் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிடலாம் என்பது அதைச் செய்தவர்கள் சொல்லும் கணக்கு. இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு, அஹில்யாநகரில் (முன்பு அஹமத்நகர்) உள்ள டி.ஆர்.டி.ஓ. வாகன ஆய்வகமும் டாடா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய வாப் என்ற எட்டுச் சக்கர வண்டி. 2014 டெஃப் எக்ஸ்போ கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். 2025 செப்டம்பரில் மொராக்கோவில் அதற்கென்று தொழிற்சாலையே திறந்தாகிவிட்டது. ஆனால் வாப்பில் பெட்டியைக் கழற்றி மாட்டுவது கிடையாது. ஒரே உடலை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன பொருத்துவது என்பதை வேலைக்குத் தகுந்தபடி முடிவுசெய்கிறார்கள். பாக்ஸரைப் போலவே இதையும் மாடுலர், அதாவது பகுதி பகுதியாக அமைந்தது, என்றுதான் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

போர்க்களத்தில் கிரேன் கொண்டுவந்து யார் பெட்டி மாற்றுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கழற்றி மாட்டும் வசதிக்காகவே வண்டியின் எடையும் விலையும் கூடுகின்றன. பாக்ஸர் திட்டத்தில் தொடக்கத்தில் கூட்டாளியாக இருந்த பிரிட்டன், விமானத்தில் எளிதாக ஏற்றிச் செல்ல முடியாத அளவுக்கு வண்டி பருத்துவிட்டது என்று 2003இல் விலகிக்கொண்டது. ஆனால் 2018இல் அதே பிரிட்டன் அதே வண்டியிடம் திரும்பி வந்தது. பிரித்து வைத்ததன் லாபம் போர்க்களத்தைவிடத் தொழிற்சாலையில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. எஞ்சினும் சக்கரமும் உள்ள கீழ்ப்பகுதி முப்பது வருடம் உழைக்கும். ரேடியோவும் கேமராவும் ஐந்து வருடத்தில் பழசாகிவிடும். பழசானதை மட்டும் மாற்ற முடிந்தால் வண்டியையே தூக்கிப் போட வேண்டியதில்லை. கீழ்ப்பகுதியை ஒரு நாடும் பெட்டியை இன்னொரு நாடும் செய்யலாம். ஒரு பெரிய ஆலையும் நூறு சிறிய பட்டறைகளும்கூட அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் சேலம் வருகிறது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனை. சேலம் என்றதும் உருக்காலை இருக்கிறதே, கவசத் தகடு அங்கேயே கிடைக்குமே என்று சிலர் நினைக்கக்கூடும். கிடைக்காது. அங்கே செய்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் நாட்டு டாங்கிகளுக்கான கவசத் தகடு ஒடிசாவின் ரூர்கேலா ஆலையில் தயாராகிறது. மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரி ஆலை மோட்டார் உதிரிப்பாகங்களுக்கான சிறப்பு உருக்கு செய்கிறது, அதுவும் கவசத்துக்கானதல்ல.

இந்த வட்டாரத்தில் வெல்டர்கள்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே என்பார்கள். கை தேர்ந்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் லாரி பாடிக்குத் தகடு வெட்டுவதுபோல் கவசத் தகட்டை கேஸ் கட்டரால் வெட்டினால் காரியம் கெட்டுவிடும். அந்தத் தகட்டின் பலமே அதன் கடினத்தில் இருக்கிறது. பல ரகங்களுக்குச் சூடு 200 டிகிரியைத் தாண்டினாலே கடினம் இறங்கத் தொடங்கும். பற்றவைத்த ஓரம் மென்மையாகிவிட்டால் குண்டு அந்த வழியாகத்தான் நுழையும். வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒரு நாள் கழித்துக்கூட விடும். அடியில் வெடிக்கும் கண்ணிவெடியின் வேகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வி வடிவ அடித்தட்டு இன்னும் நுட்பமான வேலை. ஈராக்கில் தட்டையான அடியோடு ஓடிய அமெரிக்காவின் ஸ்ட்ரைக்கர் கவச வண்டி, 2011இல் ஆப்கானிஸ்தானுக்கு இரட்டை வி அடியோடு போனது வெடிகளிடம் பட்ட பாட்டால்தான்.

அதனால் கவச உடலையே இங்கே கட்டுவோம் என்று கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆம்புலன்ஸ் அறை, பழுதுபார்க்கும் கூடம், தகவல் தொடர்பு அறை, ஜெனரேட்டர் பெட்டி என்று ராணுவ லாரிகளின் முதுகில் ஏறும் பெட்டிகள் ஏராளம். கவச வண்டிக்கு உள்ளேயும் இருக்கை, அலமாரி, குண்டுப் பெட்டித் தாங்கி என்று வேலை நிறைய. இவை பாடி கட்டும் கைக்கு அந்நியமானவை அல்ல. ராணுவ ஆர்டர் ஒரு வருடம் வரும், மூன்று வருடம் வராது என்ற தயக்கம் உண்மைதான். அதை மட்டுமே நம்பிய ஆலை படுத்துவிடும். லாரியையும் ரிக்கையும் வைத்துப் பிழைக்கும் பட்டறைக்கு அது கூடுதல் வரும்படி. வராவிட்டாலும் ஷெட் ஓடும்.

இதற்குத் தேவைப்படும் முதல் பொருள் ஒரு காகிதம். பெட்டி எங்கே உட்காரும், எந்த போல்ட், எவ்வளவு எடை, மின்சாரம் எந்த இடத்தில் இணையும் என்று சொல்லும் இணைப்பு வரைபடம். பெரிய நிறுவனங்களின் பெட்டகத்தில் அது கிடக்கும்வரை சிறிய பட்டறைக்காரர் அடுத்தவர் வரைந்து கொடுத்ததை வெட்டிக் கொடுக்கும் கூலிக்காரராகவே இருப்பார். ரகசியமாக வைக்க வேண்டியது கவசத்தின் கலவை. போல்ட்டின் இடம் அல்ல. அந்த வரைபடத்தைப் பாதுகாப்புத் துறை பொதுவில் வெளியிடட்டும், திருச்செங்கோட்டுப் பட்டறைக்காரர் படிக்கிற மாதிரி தமிழிலும்.